நான்கு பேர் கையெழுத்தில் ஒரு ரெக்வியம்

வியன்னாவில் ஆஸ்திரிய தேசிய நூலகம் பாதுகாத்துவரும் மொசார்ட்டின் ‘ரெக்வியம்’ கையெழுத்துப் பிரதியின் முதல் தாளில் அவருடைய கையொப்பம் இருக்கிறது. அதை ஒட்டியே ஆண்டு: 1792. மொசார்ட் கண்மூடியதோ 1791 டிசம்பர் 5. செத்தவர் போட்ட கையெழுத்து! அந்த ஒரு வரியிலிருந்தே இந்தத் தாள்கள் பட்ட பாட்டைச் சொல்லிவிடலாம்.

இறந்தோருக்கான திருப்பலியில் பாடும் இசைதான் ரெக்வியம். 1791 பிப்ரவரியில் வால்செக் பிரபுவின் மனைவி அன்னா இருபது வயதில் இறந்துபோனாள். பிரபுவுக்கு ஒரு பழக்கம்: பிறரைக் காசு கொடுத்து எழுதச் சொல்லி, அதைத் தன் கைப்படப் படியெடுத்து, தன் படைப்பாக அரண்மனையில் வாசிக்கவைப்பார். மனைவிக்கான ரெக்வியத்தையும் அப்படியே வாங்க நினைத்து, தன் பெயர் தெரியாதபடி ஆள் அனுப்பினார். பாதிப் பணம் முன்கூட்டியே வந்தது. சக இசையமைப்பாளர் சாலியெரி முகமூடியோடு வந்து நிற்பதெல்லாம் ‘அமேதியஸ்’ படம் செய்த வேலை.

மொசார்ட்டுக்கு அப்போது கைநிறைய வேலை. பிராகில் முடிசூட்டு விழாவுக்கு ஒரு ஓபரா, வியன்னாவில் ‘மாயப் புல்லாங்குழல்’. இரண்டையும் செப்டம்பரில் மேடையேற்றிவிட்டுத்தான் ரெக்வியத்தில் முழுதாக உட்கார்ந்தார். நவம்பரில் படுத்தவர் எழுந்திருக்கவில்லை.

அவர் விட்டுச்சென்ற தாள்களைப் பார்த்தால் அவர் வேலை செய்த விதம் தெரியும். ஒவ்வொரு பக்கத்திலும் பன்னிரண்டு வரித்தொகுதிகள். நான்கு குரல்களையும் அடியில் பாஸையும் முழுதாக எழுதிவிடுவார். வயலினுக்கு அங்கங்கே கோடி காட்டுவார். மற்ற வரிகள் வெறுமையாகக் கிடக்கும். இசை எழும்புவதற்கான எலும்புக்கூடு முழுதும் அங்கே இருக்கிறது. முதல் பகுதி மட்டுமே வாத்தியங்கள் உட்பட முழுமை பெற்றது. ‘லாக்ரிமோசா’ என்ற பகுதி எட்டாவது பாரோடு (தாளக் கட்டத்தோடு) நின்றுவிடுகிறது.

மனைவி கான்ஸ்டன்ஸின் கையில் இரண்டு பிள்ளைகள், தலைக்கு மேல் கடன். வேலை முடியவில்லை என்று பிரபுவுக்குத் தெரிந்தால் மீதிப் பணம் போய்விடும். டிசம்பர் 21-ஆம் தேதியே இசையமைப்பாளர் ஐப்ளர் அதை முடிக்கும் பொறுப்பேற்றார். மொசார்ட் வெறுமையாக விட்ட வரிகளிலேயே வாத்தியங்களை எழுதினார். லாக்ரிமோசாவில் சோப்ரானோவுக்கு இரண்டு பார் சேர்த்தார். அதற்குமேல் கை ஓடாமல் திருப்பிக் கொடுத்துவிட்டார். கீரியே பகுதியின் வாத்தியங்களில் ஃப்ரைஷ்டெட்லர் என்ற மாணவரும் கைவைத்தார். கடைசியில் வேலையை முடித்தவர் மொசார்ட்டின் உதவியாளர் சூஸ்மையர். அவர் எழுத்து மொசார்ட்டின் எழுத்தைப் போலவே இருந்தது வசதியாகிப்போனது. மொசார்ட் எழுதிய முதல் தாள்களோடு தன் தாள்களைச் சேர்த்து, பொய்க் கையொப்பமும் போட்டார்; பிரதி பிரபுவிடம் போனது. ஏமாற்றுதான். ஆனால் கடன்காரர்கள் வாசலில் நிற்கும்போது அந்தப் பெண் வேறென்ன செய்திருக்க முடியும்? அவள் அன்று உண்மையைச் சொல்லியிருந்தால் இந்த இசை அரைகுறையாகப் பெட்டியில் கிடந்திருக்கும்.

பிரபு நினைத்தபடியே செய்தார். 1793 டிசம்பர் 14 அன்று வீனர் நொய்ஷ்டாட்டில் தானே இயற்றியதாக நடத்தினார். ஆனால் அந்த ஆண்டு ஜனவரியிலேயே கான்ஸ்டன்ஸுக்கு உதவுவதற்காக வியன்னாவில் அது மொசார்ட்டின் பெயரிலேயே ஒலித்துவிட்டது. 1800-இல் லைப்ஸிக்கில் அச்சேறியது. 1809-இல் ஹைடனுக்கும், 1827-இல் பேத்தோவனுக்கும், 1849-இல் பாரிஸில் ஷோபனுக்கும் அஞ்சலியாக இதையே பாடினார்கள். யார் எழுதியது எந்தப் பகுதி என்று 1825-இல் ஜெர்மனியில் பெரிய சண்டையே மூண்டது.

சண்டைக்கு விடை தாள்களில்தான் இருந்தது. தாள்களோ ஆளுக்கொரு பக்கம் கிடந்தன. ஸ்டாட்லர் பாதிரியார் தன்னிடமிருந்ததை வியன்னா அரசவை நூலகத்துக்குக் கொடுத்தார். லாக்ரிமோசாவின் தாள்கள் ஐப்ளரிடம் இருந்தன. 1833-இல் இதே ரெக்வியத்தை நடத்திக்கொண்டிருந்தபோது அவருக்குப் பக்கவாதம் வந்தது. பிறகு அவையும் நூலகம் சேர்ந்தன. பிரபு இறந்தபின் அவரிடமிருந்த பிரதியும் 1838-இல் அங்கே வந்தது. நாற்பத்தேழு ஆண்டுக்குப் பின் எல்லாம் ஒரே கூரையின் கீழ்.

1958-இல் பிரஸ்ஸல்ஸ் உலகக் கண்காட்சிக்குக் கையெழுத்துப் பிரதியைக் கொண்டுபோனபோது யாரோ ஒருவர் ஒரு தாளின் கீழ் மூலையைக் கிழித்துக்கொண்டார். முந்தைய ஃபியூகை (குரல்கள் ஒன்றையொன்று துரத்திப் பாடும் பகுதியை) மறுபடி பாடச்சொல்லி மொசார்ட் எழுதியிருந்த சில சொற்கள் அதில் இருந்தன. அவர் பேனா கடைசியாகத் தொட்ட இடம் அதுவாக இருக்கக்கூடும். இன்றுவரை கிடைக்கவில்லை. நினைக்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது.

இழந்ததற்கு ஈடாக அல்ல, ஆனாலும் ஒன்று கிடைத்தது. 1960-களின் தொடக்கத்தில் ஆய்வாளர் வொல்ஃப்காங் பிளாத் பெர்லினில் மொசார்ட்டின் ஒரு குறிப்புத்தாளைக் கண்டெடுத்தார். அதில் ‘ஆமென்’ என்ற சொல்லுக்கான ஒரு ஃபியூகின் தொடக்கம் இருந்தது. லாக்ரிமோசா அதில்தான் போய் முடிந்திருக்க வேண்டும் என்பது பலரின் கணிப்பு. அதை வளர்த்து ராபர்ட் லெவின் போன்றவர்கள் புதிய பதிப்புகள் செய்திருக்கிறார்கள். சூஸ்மையரின் குறைகளைப் பட்டியலிடுவதும் வழக்கமாகிவிட்டது. ஆனால் பெரும்பாலான பாடகர் குழுக்கள் இன்றும் எடுத்துப் பாடுவது சூஸ்மையர் முடித்துக்கொடுத்ததைத்தான்; லாக்ரிமோசாவில் எட்டாவது பாருக்கு அப்புறம் நாம் கேட்பது அவர் எழுதியதை.