இடக்கரடக்கலும் வைத்திய நூலும்

அவையிற் கூறத்தகாத சொல்லை மறைத்துக் கூறுக என்பது தொல்காப்பியர் காலந்தொட்டுத் தமிழிலக்கணங் கண்ட நெறியாகும். நன்னூலார் அதனைத் தகுதி வழக்கினுள் அடக்கி இடக்கரடக்கல் என்றார். இந்நெறி சான்றோர் அவைக்கு அணியாயிற்று. நோயாளிக்கு அது யாதாயிற்று என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

ஆடவரின் விதைப்பையில் நீர் திரண்டு வீங்கும் நோயை ஓதம் என்பர். ஓதமாவது கடல், அலையும் ஈரமும் அதன் பொருளே. விதை, விரை, பீசம் என்பன பயிர்த்தொழிலிலிருந்தும், முட்டையெனப் பொருள்படும் அண்டம் வடமொழியிலிருந்தும் வந்தன. ஓருறுப்புக்குப் பெயர் பலவாயினும் அனைத்தும் இரவற் பெயர்களே.

சுசுருத சங்கிதை இக்கூச்சத்தை அறியாது. அந்நூல் விருத்தி என்னும் பெயரால் எழுவகை வீக்கங்களை வகுத்து, நீர் திரண்டதனை மூத்திர விருத்தியென்றும் குடலிறங்கியதனை அந்திர விருத்தியென்றும் வேறுபிரித்தது. முன்னதற்கு, பையின் நடுவே தையல்போல் ஓடும் வரைக்கு ஒருபுறமாக, கீழ்ப்பாகத்தில், நெல்முனை போன்ற கருவியாற் குத்திக் குழாய் செலுத்தி நீரை வடித்துக் கட்டுக என விதித்தது. அந்நீர் சிறுநீரன்று, ஆதலின் பெயரிற் பிழையுண்டு. செய்முறையோ பிற்காலத்து ஐரோப்பியச் சத்திரவைத்தியர் கைக்கொண்டதற்கு மிக அணித்தானது.

யாழ்ப்பாணத்தரசர் பெயர் தாங்கிய செகராசசேகரம், பரராசசேகரம் என்னும் வைத்திய நூல்கள் செய்யுளாலானவை. ஏட்டுச்சுவடியை ஆசிரியர் மாணாக்கனுக்குத் தனியே விளக்குமிடத்தில் அவையில்லை, ஆதலின் இடக்கருமில்லை. வகுப்பறை தோன்றியபோதே இடர் எழுந்தது.

அவ்வகுப்பறையை மானிப்பாயில் நடாத்தியவர் நாவலர் பெருமான் பிறந்த அதே 1822ஆம் ஆண்டிற் பிறந்த அமெரிக்க வைத்தியர் சாமுவேல் கிறீன். 1847இல் இங்கு வந்த அவர் முதலில் ஆங்கிலத்திலும், 1864 முதல் தமிழிலும் வைத்தியம் பயிற்றினார். 1867இல் 'இரண வைத்தியம்', 1872இல் கிறே என்பாரின் உடற்கூற்று நூலின் தமிழாக்கமாகிய 'மனுஷ அங்காதிபாதம்' என்பன வெளிவந்தன. உடற்கூற்று நூல் ஓருறுப்பை விட்டுவிட இயலாது. தமிழ்ச்சொல் இல்வழி வடசொல்லையும், அதுவும் இல்வழி ஆங்கில ஒலியையும் ஆளுதல் கிறீனின் கோட்பாடு. வீட்டிற் புழங்காத வடசொல் மாணாக்கரை நாணச்செய்யாது என்பது அதன் ஒரு நயம். ஆயின் அச்சொல் வைத்தியர் வாயைத் திறந்ததேயன்றி நோயாளியின் வாயைத் திறக்கவில்லை. கமக்காரனுக்கு அங்காதிபாதச் சொல் தெரியாது. தெரிந்த சொல்லைச் சொல்ல நாணம். அடிவயிற்றில் நோவென்றே அவன் தொடங்குவான்.

நோயின் இடத்தைக் கொண்டு ஒழுக்கத்தை ஐயுறுதல் எந்நாட்டிலும் உண்டு. ஓதத்துக்கு ஒரு காரணமான நுண்புழுவை 1863இல் பாரிசில் தெமார்க்கே என்பார் அந்நீரிலேயே கண்டார். அது நுளம்பின் உடலில் வளர்வதை 1877இல் மான்சன் கண்டார். இலங்கையின் மேற்கு, தெற்குக் கரைகளில் யானைக்காலோடு இவ்வோதமும் விளைத்த அந்நோய் பொதுச்சுகாதாரப் பிரச்சினையாக இல்லாதொழிந்தது என உலக சுகாதார நிறுவனம் 2016இல் உறுதிப்படுத்தியது. நுளம்பு கடித்ததற்கு நாணுவார் யார்?

நுளம்பு ஒழியினும் நாண் ஒழிந்திலது. இளைஞரிடையே விதை திடீரெனத் தன் நாளத்தோடு முறுக்குண்டு குருதியோட்டம் தடைப்படுவதுண்டு. ஏறக்குறைய ஆறு மணித்தியாலத்துள் சத்திரசிகிச்சை செய்யின் பெரும்பாலும் அதனைக் காக்கலாம். மாலையில் நோவு கண்ட மாணவன் தாய்தந்தையர்க்குச் சொல்ல நாணி விடியும்வரை பொறுத்திருப்பானாயின், அக்காலவெல்லை கடந்துவிடும்.