தட்டணுக்களைத் தாக்கும் பாக்டீரிய நச்சுகள்: இரத்த உறைவு நிலைகுலைவது எவ்வாறு?

காய்ச்சலுடன் இரத்தத் தட்டணுக்களின் எண்ணிக்கை குறைந்தால் நம் நாட்டில் முதலில் நினைவுக்கு வருவது டெங்கு. ஆனால் வைரஸ்கள் மட்டுமன்றி, சில பாக்டீரியாக்கள் வெளியிடும் நச்சுகளும் தட்டணுக்களைக் குறைக்கின்றன. குறையும் விதம் வேறு என்பதால் சிகிச்சையும் வேறுபடுகிறது.

ஆரோக்கியமான ஒருவரின் ஒரு மைக்ரோலிட்டர் இரத்தத்தில் 1.5 லட்சம் முதல் 4.5 லட்சம் வரை தட்டணுக்கள் இருக்கும். எலும்பு மஜ்ஜையில் உருவாகும் இவற்றின் ஆயுட்காலம் 7 முதல் 10 நாட்கள். இரத்த நாளத்தில் காயம் ஏற்பட்டதும் இவை அங்கு ஒட்டித் திரண்டு அடைப்பை உண்டாக்குகின்றன. ஃபைப்ரின் என்னும் புரத இழைகள் அதனை உறுதிப்படுத்துகின்றன.

இந்த ஒழுங்கைக் குலைக்கும் நச்சுகளில் கொடியது ஷிகா நச்சு. 1897-ஆம் ஆண்டு வயிற்றுக்கடுப்பு பாக்டீரியாவைக் கண்டறிந்த ஜப்பானிய மருத்துவர் கியோஷி ஷிகாவின் பெயரால் இது வழங்கப்படுகிறது. சில வகை ஈ.கோலை பாக்டீரியாக்களும் இதைச் சுரக்கின்றன. குடலிலிருந்து இரத்தத்தில் கலக்கும் இந்நச்சு, சிறுநீரக நுண்நாளங்களின் உட்சுவர் செல்களில் புகுந்து புரத உற்பத்தியை நிறுத்திவிடுகிறது. சேதமடைந்த சுவரில் தட்டணுக்கள் குவிந்து நுண்ணிய உறைகட்டிகளாகின்றன. அவற்றினூடே நெருக்குண்டு செல்லும் சிவப்பணுக்கள் சிதைகின்றன. தட்டணுக் குறைவு, இரத்தசோகை, சிறுநீரகச் செயலிழப்பு ஆகிய மூன்றும் சேர்ந்து வரும் இந்நோய் பெரும்பாலும் சிறு குழந்தைகளையே தாக்கும். எனினும் 2011-இல் ஜெர்மனியில் முளைகட்டிய வெந்தயம் வழியே பரவியபோது பெரியவர்களே மிகுதியாகப் பாதிக்கப்பட்டனர். 50-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர்.

இங்கே தட்டணுக்கள் உறைகட்டிகளில் செலவாகிவிடுகின்றன. ஆகவே கடும் இரத்தக்கசிவு போன்ற காரணமின்றி அவற்றை வெளியிலிருந்து ஏற்றுவதை மருத்துவர்கள் பொதுவாகத் தவிர்க்கின்றனர். ஷிகெல்லா வயிற்றுக்கடுப்புக்கு ஆன்டிபயாடிக் தேவைப்படும். ஷிகா நச்சைச் சுரக்கும் ஈ.கோலை தொற்றிலோ அதுவே நச்சு வெளியேற்றத்தை அதிகரிக்கக்கூடும். இரத்தம் கலந்த வயிற்றுப்போக்குக்கு மருந்துக்கடையில் தாமாகவே மாத்திரை வாங்குவது ஆபத்தாவது இதனால்தான். வயிற்றுப்போக்கை நிறுத்தும் மருந்துகளும் இந்நிலையில் உகந்தவை அல்ல. குழந்தைக்குச் சிறுநீர் குறைந்தாலோ, முகம் வெளிறினாலோ உடனடியாக மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

மற்ற பாக்டீரியாக்களின் வழிகள் வேறு. வாயு அழுகல் நோயை உண்டாக்கும் கிளாஸ்டிரிடியத்தின் ஆல்பா நச்சு, தட்டணுக்களைத் திரளச் செய்து தசைக்குச் செல்லும் இரத்த ஓட்டத்தை அடைக்கிறது. ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ், கோயாகுலேஸ் என்னும் புரதத்தால் தன்னைச் சுற்றி ஃபைப்ரின் அரணை எழுப்பி, நோய் எதிர்ப்புச் செல்களிடமிருந்து தப்பிக்கிறது. ஆய்வகங்களில் இந்தப் பாக்டீரியாவை அடையாளம் காண உதவுவதும் அப்புரதமே.

ஸ்டிரெப்டோகாக்கஸ் இதற்கு நேர்மாறானது. அது சுரக்கும் ஸ்டிரெப்டோகைனேஸ் உறைகட்டியைக் கரைத்து, பாக்டீரியா திசுக்களில் பரவ வழிசெய்கிறது. 1933-இல் கண்டறியப்பட்ட அப்பொருளே பின்னாளில் மாரடைப்பு நோயாளிகளின் இதய நாள அடைப்பைக் கரைக்கும் மருந்தாயிற்று. ஒருமுறை செலுத்தியதும் உடலில் அதற்கு எதிர்ப்பொருள் உருவாகிவிடுவதால், அதே நோயாளிக்கு மீண்டும் அம்மருந்து பொதுவாக அளிக்கப்படுவதில்லை.