ஊழியம்: ஒரு சொல்லும் டோனாவூர் மகளிரும்

இராசபாளையத்திலிருந்து தென்காசி நோக்கிச் செல்லும் வழியில், மேற்கு மலைத்தொடரின் அடிவாரத்தை ஒட்டி அமைந்த ஊர் தேவதானம். இப்பெயர் கல்வெட்டுத் தமிழ் பயின்றோர்க்குப் புதிதன்று. கோயிலுக்கென விடப்பெற்ற நிலம் தேவதானம் எனவும், அந்தணர்க்கு அளிக்கப்பெற்றது பிரமதேயம் எனவும், சமண பௌத்தப் பள்ளிகளுக்கு உரியது பள்ளிச்சந்தம் எனவும் சாசனங்கள் வகுத்துரைக்கும். இறைவனுக்குரிய நிலம் வேறு, குடிகளின் நிலம் வேறு என எல்லைக்கல் நாட்டிப் பிரித்த வழக்கு இது. நிலத்தைப் பிரித்ததுபோல மக்கள் நாள்தோறும் செய்யும் தொழிலையும் இறைவனுக்குரியது, வயிற்றுக்குரியது என்று பிரித்தல் கூடுமோ? இவ்வினா எல்லாச் சமயங்களிலும் எழுந்ததே. தென்பாண்டி நாட்டுக் கிறித்தவரிடையே இஃது எழுந்த வரலாற்றை, 'ஊழியம்' என்னும் ஒரு சொல்லைக் கைவிளக்காகக் கொண்டு ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

ஊழியம் என்பது இன்று இருவேறு பொருளில் வழங்குகின்றது. அரசு அலுவலகத்தில் ஊதியம் பெற்று உழைப்பவர் ஊழியர். திருச்சபையில் நற்செய்தி கூறுபவரும் ஊழியர். ஆயின், இருநூறு ஆண்டுகளுக்கு முன் தென் திருவிதாங்கூரில் இச்சொல்லுக்கு இருந்த பொருள் கசப்பானது. ஒடுக்கப்பட்ட குடிகளிடம் கூலியின்றி அரசு கட்டாயமாக வாங்கிய வேலைக்கே ஆங்கு ஊழியம் என்று பெயர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஞாயிற்றுக்கிழமை ஊழியத்திலிருந்து கிறித்தவர்க்கு விலக்கு வேண்டிப் பெற்றமை அச்சபையின் வரலாற்றில் ஒரு முதன்மையான நிகழ்ச்சி. முதுகை வளைத்த அச்சொல்லே சீர்திருத்தச் சபையாரின் தமிழில் மிக உயர்ந்த சமயப் பணியின் பெயராயிற்று. அடிமை வேலையைக் குறித்த கிரேக்கச் சொற்களைத் தம் பணிக்கு விரும்பி ஏற்ற பவுலடியாரின் போக்கை நோக்கின், இம்மாற்றம் வியப்பன்று. எனினும் உயர்ந்த சொல் தன் பழைய இடத்தை மறந்தது. ஊழியம் என்றால் பேசுதல், போதித்தல், செபித்தல் என்றாயிற்று; அரிசி புடைத்தலும் துணி வெளுத்தலும் அதன் எல்லைக்கு வெளியே நின்றன.

தமிழ் மரபில் இதற்கு மாறான வழக்கு வலுவாக இருந்தது என்பதை நாம் மறத்தலாகாது. தேவதானத்திற்கு அணித்தேயுள்ள திருவில்லிபுத்தூரில் பெரியாழ்வார் நந்தவனம் வைத்துப் பூத்தொடுத்தலையே தம் வழிபாடாகக் கொண்டார். அப்பரடிகள் கையில் ஏந்தியது உழவாரப்படை. கோயில் முற்றத்துப் புல்லைச் செதுக்கும் கருவி அது. சேக்கிழார் பாடிய அடியாருள் குயவரும் வண்ணாரும் பரதவரும் உளர். அவர்கள் தம் தொழிலை விட்டு அடியாராயினாரல்லர். தொழிலின் வழியே அடியாராயினர். திருநீலகண்டர் அடியார்க்கு ஓடு வனைந்தளித்தார். திருக்குறிப்புத் தொண்டர் அடியாரின் ஆடையை வெளுத்துக் கொடுத்தார். ஆயினும் ஒன்று குறிக்கத்தக்கது. இவர்தம் கைத்தொண்டு கோயிலை நோக்கியோ, அடியாரை நோக்கியோ சென்றது. தொண்டு பெறுவோரின் சிறப்பு, செய்யும் தொழிலுக்கும் சிறப்பளித்தது. பெறுபவர் பெயரறியாத கைக்குழந்தையாயின் என் செய்வது என்னும் வினாவுக்கு நாம் இனி வருவோம்.

திருவில்லிபுத்தூர், சாத்தூர், சிவகாசி ஆகிய ஊர்களைச் சூழ்ந்த பகுதி முன்னர்த் திருநெல்வேலி மாவட்டத்தின் வடபால் எல்லையாக இருந்தது. 1910-இல் இராமநாதபுரம் மாவட்டம் அமைந்தபோது அதனுடன் சேர்ந்தது. இங்குத் திருச்சபைத் தூதர் சங்கத்தார் 1854-ஆம் ஆண்டில் ஊர் ஊராகச் சென்று போதிக்கும் பணியைத் தொடங்கினர். அதன் தலைவர் தாமசு இராக்லாந்து. கேம்பிரிட்சில் கணிதத்தில் சிறந்து தேறியவர்; சென்னையில் சங்கச் செயலாளராக இருந்தவர். அவர் வீடு கட்டவில்லை, கூடாரத்தில் வாழ்ந்தார். தென்பகுதிச் சபைகள் தம் உபதேசியாரை முறைவைத்து அனுப்பி அவர்க்குத் துணைநின்றன. 1858 அக்டோபர் 22-ஆம் நாள் சிவகாசியில் இராக்லாந்து மறைந்தார். தம் நலம் கருதாத அவருடைய வாழ்வு போற்றத்தக்கது. ஆயின் ஊழியம் என்பது புறப்பட்டுப் போதல், ஓரிடத்தில் தங்காமை, பேசுதல் என்னும் எண்ணத்திற்கு அவ்வாழ்வே இலக்கணமாயிற்று. வீட்டில் தங்கி அடுப்பூதுவோர்க்கு அவ்விலக்கணத்தில் இடமில்லை.

இடமே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. தென்மாவட்டச் சபைகளில் பிடியரிசி என்றொரு வழக்கம் உண்டு. உலையிலிடும் அரிசியில் ஒரு பிடியை எடுத்துத் தனிக் கலத்தில் இட்டு, சேர்ந்ததைக் கோயிலுக்குக் கொடுப்பர். வெள்ளாளன்விளையில் 1874-இல் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா முதலானோர் 1903-இல் பாளையங்கோட்டையில் நிறுவிய இந்திய மிசனெரி சங்கம் இந்நாட்டவர் காணிக்கையாலேயே நடைபெற்றது. இத்தகைய சங்கங்களைத் தாங்கிய காணிக்கையின் பின்னே எண்ணற்ற அடுக்களைகள் உள. பிடியரிசியை அளந்த பெண்ணுக்கு நாள்தோறும் இறைவனை நினைக்க ஒரு கணம் கிட்டியது என்பது உண்மை. ஆயினும் ஒரு பிடி மட்டுமே இறைவனுடையது; பானையில் எஞ்சிய அரிசி குடும்பத்தினுடையது. தேவதானத்தின் எல்லைக்கல் இங்கும் நிற்கின்றது.

இக்கல்லைப் பெயர்க்க முயன்றவர்களைக் காண நாம் தெற்கே செல்ல வேண்டும். களக்காட்டு மலையின் அடிவாரத்தில் உள்ள டோனாவூர், இரேனியசு ஐயரின் காலத்தில் தோன்றிய கிறித்தவக் குடியிருப்பு. பொருளுதவி செய்த பிரசிய நாட்டுப் பிரபு டோனாவின் பெயரைப் பெற்றது. 1895-இல் இந்தியா வந்த அயர்லாந்து நாட்டு ஏமி கார்மைக்கேல், தொடக்கத்தில் இராக்லாந்தின் வழியே சென்றவர். தமிழ்ப் பெண்கள் சிலரைச் சேர்த்துக்கொண்டு மாட்டு வண்டியில் ஊர்தோறும் சென்று போதித்தார். அக்குழுவில் பொன்னம்மாள் என்னும் இளங் கைம்பெண் சிறந்து விளங்கினார். 1901 மார்ச்சு 7-ஆம் நாள், கோயிற்பணிக்கென ஒப்படைக்கப்பட்டிருந்த ப்ரீனா என்னும் ஏழு வயதுச் சிறுமி தப்பி வந்து ஏமியை அடைந்தாள். அவளைத் தொடர்ந்து வேறு சிறுமியரும், பின்னர்க் கைக்குழந்தைகளும் வந்தனர். 1913-இல் அவர் தொகை நூற்றுக்கு மேற்பட்டது.

தேவரடியார் பற்றி ஏமி எழுதியவற்றை முழுமையான வரலாறாகக் கொள்ளுதல் தகாது என்பதை ஈண்டுக் கூறிவிடுதல் நன்று. நிலம் உடையவராய், கோயிலுக்குக் கொடை அளித்தவராய், மதிப்புடன் வாழ்ந்த தேவரடியாரைச் சோழர் கல்வெட்டுகள் காட்டும். அம்முறை சிதைந்து சீரழிந்த கடைக்காலத்தையே அவர் கண்டார். அச்சீரழிவு மெய்யானதே, முத்துலெட்சுமி அம்மையார் போராடியதும், 1947-இல் சென்னை அரசு சட்டம் இயற்றியதும் அதற்குச் சான்று.

குழந்தைகள் வந்தபின் வண்டிப் பயணம் நின்றது. பிள்ளைகள் தாயின் காலைக் கட்டும் என்னும் கருத்தை ஏமி தம் நூல்களில் குறிப்பர். அவர்க்கு இது சிறு செய்தியன்று. ஆன்மாக்களை மீட்கவந்தவர் பால்புட்டி கழுவுவதா என்று கேட்டவர் உளர். அவர் உள்ளமும் கேட்டது. உதவிக்கு ஆள் கிடைத்தல் அதனினும் அரிது. இரவில் விழித்துப் பால் புகட்டலும், நோயுற்ற குழவியின் துணி துவைத்தலும் தாழ்ந்தோர் வேலை என்னும் எண்ணம் ஞானத்தீக்கை பெற்றோரிடமும் அழியவில்லை. சாதியுணர்வு செபத்திற்குத் தடைசொல்லாது. துணி துவைக்கவே தடைசொல்லும். இங்குதான் அதன் வேர் புலப்படுகின்றது என்பது எம் கருத்து. ஏமி விடை கண்ட இடம் யோவான் நற்செய்தியின் பதின்மூன்றாம் இயல். இயேசு இடையில் துண்டைக் கட்டிச் சீடரின் கால்களைக் கழுவிய நிகழ்ச்சியில், ஆன்மிகப் பணி, உலகப் பணி என்னும் பிரிவினை இல்லை என்று அவர் கண்டார்.

அவர் கண்டதைக் கையால் நிறுவியவர் பொன்னம்மாள். மருத்துவ உதவி அருகில் வேண்டியிருந்தமையின், நெய்யூர் மருத்துவமனைக்கு அண்மையில் குழந்தைகள் இல்லம் ஒன்று அமைக்கப்பெற்றது. அதனைப் பொன்னம்மாள் நடத்தினார். பாலின் அளவு, காய்ச்சும் முறை, கலங்களின் தூய்மை ஆகியவற்றில் சிறு பிழையும் உயிரைப் போக்கும் காலம் அது. தொற்றுநோயால் குழந்தைகள் பலரை அவ்வில்லம் இழந்தது. பிறர் தயங்கிய வேலையை ஏவாமல் தாமே செய்து காட்டுதல் பொன்னம்மாளின் இயல்பு. நன்றாகப் போதிக்க வல்ல அவர், போதனையை விட்டு இறங்கி வந்தவராகத் தம்மைக் கருதியதில்லை. அவர் 1915-இல் மறைந்தார். ஏமி அவர் வரலாற்றைத் தனி நூலாக எழுதியமையால் இவ்வளவேனும் நமக்குத் தெரிகின்றது. வேறு சபைகளில் இத்தகைய பெண்டிர் 'உபதேசியார் மனைவி' என்ற அளவில் ஏடுகளில் மறைந்தனர்.

1916 மார்ச்சில் டோனாவூர் இளமகளிர் எழுவரைக் கொண்டு ஏமி ஒரு குழுவை அமைத்தார். 'பொது வாழ்வின் சகோதரியர்' என அதன் பெயரைத் தமிழில் கூறலாம். மாற்ற முடியாத நோன்புறுதி அதில் இல்லை. மணம் செய்துகொள்ள விரும்புவோர் விலகலாம். எவ்வேலையும் இழிந்ததன்று, எவ்வேலையும் இறைவனிடமிருந்து பிரிக்கப்பட்டதன்று என்பதே அதன் அடிக்கொள்கை. இப்பெயர் புதிதாகப் படைத்ததன்று. பதினான்காம் நூற்றாண்டில் ஆலந்து நாட்டுத் தெவந்தர் நகரில் கெரார்து குரோத்தே (1340–1384) தொடங்கிய இயக்கத்தின் பெயர் அது. அதனைச் சார்ந்தோர் பிச்சை ஏற்காமல், நூல்களைப் படியெடுத்து அக்கூலியால் வாழ்ந்தனர். கத்தோலிக்கர் 'கிறிஸ்துநாதர் அனுசாரம்' என வழங்கும் நூலைத் தந்த தாமசு கெம்பிசு அம்மரபில் வளர்ந்தவரே.

தமிழாய்வார்க்குச் சுவையான செய்தி ஒன்றுண்டு. இத்தகைய ஞானநூல்கள் பலவும் அந்நாளில் தமிழில் இல்லாமையால், ஏமி அச்சகோதரியர்க்கு ஆங்கிலம் கற்பித்து அவற்றைப் படிக்கச் செய்தார். மருத்துவ அறையிலும் சமையற்கட்டிலும் உழைத்த திருநெல்வேலிப் பெண்கள் இடைக்கால ஐரோப்பிய ஞானியரைப் பயின்றனர். ஆயின் அருகிருந்த அப்பரின் உழவாரம் அவர்களுக்குக் காட்டப்படவில்லை. சமயக் காழ்ப்பு எனக் கடிந்துரைப்பதனினும், கண்முன் கிடந்த கருவூலத்தைத் தவறவிட்டமை என்று கூறுதல் பொருந்தும். உறவுப்பெயர்களில் மட்டும் தமிழ் வென்றது. ஏமி 'அம்மா' ஆனார். ஐரோப்பிய மகளிர் 'சித்தி', ஆடவர் 'அண்ணாச்சி', தமிழ் மகளிர் 'அக்காள்' ஆயினர். வேலையின் பெயரால் எவரும் விளிக்கப்படவில்லை. தாதி, ஆயா என்னும் பெயர்கள் தரும் தாழ்வை இவ்விளிகள் துடைத்தன.

இக்கொள்கையின் எல்லையை அறிய 1924-இல் வெளிவந்த 'மிமோசா' என்னும் நூல் உதவும். அது புனைபெயர். டோனாவூருக்குச் சிறுமியாக ஒருமுறை வந்து, ஒருநாள் மட்டும் போதனை கேட்டு, தந்தையுடன் திரும்பிய பெண்ணின் உண்மை வரலாறு அது. அவளுக்குச் சபையில்லை; வேதநூல் இல்லை. மணமாகிப் பிள்ளைகளைப் பெற்று, கடனிலும் வறுமையிலும் உழன்றாள். இருபதாண்டுகளுக்கும் மேல் கழித்து மீண்டும் டோனாவூர் வந்தபோது, அவள் நம்பிக்கை குன்றாமல் வளர்ந்திருந்தது. சகோதரியர்க்கு வழிகாட்ட ஏமியும் நூல்களும் இருந்தனர். மிமோசாவுக்கு இருந்தவை அடுப்பும் பிள்ளைகளும் அன்றாட உழைப்புமே. ஆதலின் டோனாவூர்க் கொள்கைக்கு மிக வலிய சான்று டோனாவூருக்கு வெளியே வாழ்ந்த பெண்தான் என்போம்.

ஏமி 1931-இல் கீழே விழுந்து காயமுற்று, பின்னர்ப் பெரும்பாலும் தம் அறையிலேயே இருந்தார். அவர் 1951 சனவரி 18-ஆம் நாள் மறைந்தார். விருப்பப்படி அவர் கல்லறையில் நினைவுக்கல் நாட்டப்படவில்லை. பறவைகள் நீருண்ணும் தொட்டி ஒன்றே வைக்கப்பெற்றது. தென்மாவட்டத்து வழக்குச் சொல்லோ இன்றும் மாறவில்லை. "அவர் முழுநேர ஊழியத்தில் இருக்கிறார்" என்றால், போதிக்கச் செல்பவர் என்றே கேட்போர் கொள்வர். சபை விருந்துக்கு விடியுமுன் அரிசி களைபவரைப் பற்றி எவரும் அவ்வாறு கூறுவதில்லை.