மீதியை வெள்ளித்திரையில் காண்க

பழைய சினிமாப் பாட்டுப் புத்தகங்களைப் புரட்டியவர்களுக்கு அந்த ஒற்றை வரி நினைவிருக்கும். பாடல்களுக்கு முன்னால் 'கதைச் சுருக்கம்' என்று தொடங்கிப் படத்தின் கதையைச் சொல்லிக்கொண்டே வருவார்கள். நாயகி ஆபத்தில் சிக்கும் இடத்தில் சட்டென்று நிறுத்தி, 'மீதியை வெள்ளித்திரையில் காண்க' என்று முடித்துவிடுவார்கள்.

ஆத்தூரில் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்த என் தாய்மாமனிடம் இத்தகைய புத்தகங்களும் சினிமா இதழ்களும் ஒரு தகரப்பெட்டி நிறைய இருந்தன. மாமா எம்.ஜி.ஆர். ரசிகர். ஆனால் அவருடைய அந்தரங்கப் பிரியம் பேய்ப் படங்கள்மீதுதான். அவற்றுக்காகவே தூத்துக்குடிக்கும் திருச்செந்தூருக்கும் பேருந்து ஏறிப் போவார். பார்த்த தேதியையும் கொட்டகையின் பெயரையும் பாட்டுப் புத்தகத்தின் உள்ளட்டையில் பென்சிலால் குறித்துவைப்பார். அவர் காலமான சில ஆண்டுகளுக்குப் பிறகு அந்தப் பெட்டியைக் கேட்டுப் போனேன். "எம்.ஜி.ஆர். பொஸ்தகத்தையெல்லாம் ஒம் மச்சான் எடுத்து வச்சிருக்கான் மருமவனே. பேய்ப்படப் பொஸ்தகந்தான... எடைக்குப் போட்டாச்சு" என்றார் அத்தை.

அத்தை அறியாமல் சொன்ன அந்த வாக்கியத்தில் தமிழ்த் திரை இதழ்களின் வரலாறே அடங்கியிருக்கிறது என்று பின்னாளில்தான் உணர்ந்தேன்.

தமிழில் சினிமா இதழ்களுக்கு ஒருபோதும் பஞ்சமிருந்ததில்லை. 1931இல் 'காளிதாஸ்' வெளியாகித் தமிழ்த் திரை பேசத் தொடங்கிய சில ஆண்டுகளிலேயே சினிமாவுக்கென்று தனி இதழ்கள் தோன்றின. 1940களில் 'பேசும் படம்', பி.ஆர்.எஸ். கோபாலின் 'குண்டூசி' முதலியவை வந்தன. 1966இல் 'பொம்மை' வந்தது. இதே மரபின் இருண்ட கிளைதான் லட்சுமிகாந்தனின் 'சினிமா தூது'வும் 'இந்து நேசன்' இதழும். நடிகர்களின் அந்தரங்கத்தை அச்சேற்றிய அவர் 1944 நவம்பரில் சென்னையில் குத்துப்பட்டு இறந்தார். அந்த வழக்கில் தண்டனை பெற்ற தியாகராஜ பாகவதரும் என்.எஸ். கிருஷ்ணனும் 1947இல்தான் விடுதலையாயினர்.

புகழ்ந்த இதழ், கேள்வி பதிலில் சீண்டிய இதழ், வசைபாடிய இதழ் என வகை பலவாயினும் அனைத்துக்கும் மையம் ஒன்றே: நட்சத்திரம். ரசிகர்கள் தாமே இதழ் நடத்தத் தொடங்கியபோதும் இம்மையம் நகரவில்லை. 1942இல் திருவாடானைச் சிறையை மக்கள் உடைத்து மீட்ட விடுதலைப் போராட்ட வீரரும் 'தமிழ்ப்பண்ணை' பதிப்பாளருமான சின்ன அண்ணாமலைதான் பிற்காலத்தில் 'சிவாஜி ரசிகன்' இதழை நடத்தினார். எம்.ஜி.ஆர். 1987இல் மறைந்த பின்னரும் அவர் புகழ் பாடும் 'இதயக்கனி' போன்ற இதழ்கள் வெளிவந்தன. ரசிகனின் உழைப்பை எளிதாக எண்ணிவிட முடியாது. எந்தப் படம் எந்த ஊரில் எத்தனை நாள் ஓடியது என்பதைப் பிழையின்றிச் சொல்லும் மன்றத்து மனிதர்களை நாம் எல்லோருமே சந்தித்திருப்போம்.

நட்சத்திரம் இல்லாத படத்திற்கு என்ன நேர்ந்தது என்பதுதான் என் கேள்வி. நம்மிடம் அச்சமூட்டும் படங்களுக்குக் குறைவில்லை. 'நெஞ்சம் மறப்பதில்லை' (1963), 'யார் நீ?' (1966), 'அதே கண்கள்' (1967) ஆகியவை ஸ்ரீதர், ஜெயலலிதா, ஏவி.எம். என்னும் பெயர்களின் நிழலிலாவது நினைவில் நிற்கின்றன. பி. விட்டலாச்சாரியாவின் மாயாஜாலப் படங்களுக்கு அந்த நிழலும் கிடையாது. அவை தெலுங்கில் எடுக்கப்பட்டுத் தமிழ் பேசிச் சிற்றூர்க் கொட்டகைகளை நிரப்பின. தன் காலையே விறகாக அடுப்பில் வைத்துச் சமைக்கும் 'ஜகன்மோகினி' (1978) பேயை, பார்த்தவர் எவரும் மறந்திருக்க மாட்டார். நடிகர் முரண்டு பிடித்தால் அவர் ஏற்ற பாத்திரத்தைக் கிளியாகவோ ஆடாகவோ மாற்றிப் படத்தை முடித்துவிடுவார் என்று விட்டலாச்சாரியாவைப் பற்றி ஒரு கதை வழங்குகிறது. உண்மையோ பொய்யோ, அந்தத் திரையில் நட்சத்திரத்துக்கு இருந்த மதிப்பை அக்கதை சொல்லிவிடுகிறது. நட்சத்திரம் இல்லையாதலால் மன்றமில்லை, மன்றமில்லையாதலால் இதழுமில்லை.

இவ்விடத்தில் கடல் கடந்து பார்ப்பது பயன் தரும். 1958இல் அமெரிக்காவில் ஃபாரஸ்ட் ஆக்கர்மன் ஆசிரியராக இருந்து 'ஃபேமஸ் மான்ஸ்டர்ஸ் ஆஃப் ஃபிலிம்லாண்ட்' என்ற இதழைக் கொண்டுவந்தார். ஒரே ஒரு இதழாக எண்ணித் தொடங்கப்பட்டது, 1983 வரை நீடித்தது. பெரியவர்கள் முகம் சுளித்த பூதப் படங்களைப் பற்றிச் சிறுவர்களோடு உரையாடியது அது. அவர்களில் ஒருவர் ஆக்கர்மனுக்குத் தம் கதையொன்றை அனுப்பினார்; அவர்தான் ஸ்டீஃபன் கிங். 1962இல் பாரிஸில் பேய்ப் படங்களைக் காட்டிய ஒரு கொட்டகையின் பெயரைத் தாங்கி 'மிதி-மினுய் ஃபந்தஸ்தீக்' வந்தது. 1967இல் ஃபிரெடரிக் கிளார்க் உருட்டச்சில் தொடங்கிய 'சினிஃபண்டாஸ்டிக்' 1970இல் முழு இதழாயிற்று.

இந்த ஆர்வத்தின் பயனை ஒரு படத்தின் கதை காட்டும். 1927இல் வெளியான 'லண்டன் ஆஃப்டர் மிட்நைட்' படத்தின் அறியப்பட்ட கடைசிப் பிரதி 1960களில் தீக்கிரையானது. எஞ்சியவை நிழற்படங்கள். ஆக்கர்மனின் இதழ் அப்படங்களை மீண்டும் மீண்டும் அச்சிட்டு, பார்த்திராத ஒரு தலைமுறையின் நினைவில் அதை நிறுத்தியது. 2002இல் அத்தகைய நிழற்படங்களைக் கோத்து அந்தப் படத்துக்கு ஒரு மறுவடிவம் தந்தனர்.

நாமோ முதல் படங்களையே இழந்தவர்கள். நடராஜ முதலியாரின் 'கீசக வதம்' இல்லை, 'காளிதாஸ்' இல்லை. முன்னோடிகளுக்கே இக்கதியென்றால் மொழிமாற்றுப் பேய்ப் படங்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. ஆறுதலுக்கு ஒரு பெயர் உண்டு: 'ஃபிலிம் நியூஸ்' ஆனந்தன். 2016இல் மறைந்த அவர், படங்களின் விவரங்களைத் தனியொருவராகக் குறித்துச் சேர்த்து 2004இல் 'சாதனைகள் படைத்த தமிழ்த் திரைப்பட வரலாறு' நூலைத் தந்தார். இன்று ஆய்வாளர் எவரும் அந்த ரசிகரின் குறிப்புகளைத் தொடாமல் நகர முடியாது.

சினிமாவுக்கு வெளியே இன்னொரு சான்றும் உண்டு. 1980களில் சிவகாசியிலிருந்து 'திகில்' என்ற பெயரிலேயே ஒரு காமிக்ஸ் இதழ் வந்தது. அதன் சிறுவயது வாசகர்கள் வளர்ந்தபின் பழைய இதழ்களைத் தேடிப் பிடித்துப் பட்டியலிட்டார்கள். ஆகவே நட்சத்திரமின்றியும் ஒரு வகைமையை நேசிக்கத் தமிழ் வாசகனுக்குத் தெரியும். கல்விப்புலத்தில் இருக்கும் என் போன்றோர்தாம் இவற்றைக் குப்பையென்று ஒதுக்கிவிட்டோம். நானே மாமா உயிரோடு இருந்தவரை அந்தப் பெட்டியை ஏளனமாகத்தான் பார்த்தேன். அத்தையைக் குறை சொல்ல எனக்கு என்ன உரிமை?

மாமாவின் பென்சில் குறிப்புகள் இருந்திருந்தால், பொருநைக் கரையில் ஒரு வெற்றிலை விவசாயி எந்தெந்த இரவுகளில், எந்தெந்தக் கொட்டகைகளில், எந்தப் பேய்களுக்குப் பயந்தார் என்பதையேனும் இன்று எழுதியிருப்பேன். பாட்டுப் புத்தகங்களின் கடைசி வரி ஒரு வாக்குறுதி. அந்தப் படங்களில் பலவற்றுக்கு இனி மீதியைக் காண வெள்ளித்திரை இல்லை; பாதிக் கதை சொல்லும் அந்தப் புத்தகமே எஞ்சிய முழுச் சான்று. உங்கள் வீட்டுப் பரணிலும் ஒரு தகரப்பெட்டி இருக்கக்கூடும். எடைக்குப் போடுவதற்கு முன் ஒருமுறை திறந்து பாருங்கள்.