காடையர் என்னும் பெயர்

கல்முனையிலிருந்து தெற்கே தம்பிலுவில் வரை நீளும் கரையோர ஊர்களில் உதைபந்தாட்டம் இளைஞரின் விருப்பத்துக்குரிய விளையாட்டாகும். கடல் கடந்த நாடுகளின் பெரும் போட்டிகளை இவ்வூரார் வானொலியும் பத்திரிகையும் தொலைக்காட்சியும் தரும் செய்திகளாலேயே அறிகின்றனர். அங்கே குழப்பம் விளைந்ததென்றால், "காடையர் அட்டகாசம்" என்ற தலைப்பே முதலில் வந்து சேர்கின்றது. அத்தலைப்பு எப்பொழுதும் உண்மையாகுமா என்பதற்கு இங்கிலாந்தின் வரலாறு விடை கூறும்.

காடையரைக் குறிக்கும் "ஹூலிகன்" என்னும் சொல் 1898 ஆம் ஆண்டில் இலண்டன் பத்திரிகைகளின் வழியே பரவியது. காலப்போக்கில் அது உதைபந்தாட்ட இரசிகரோடு ஒட்டிக்கொண்டது. இதற்குக் காரணம் இல்லாமலில்லை. 1985 ஆம் ஆண்டு மே 29 இல் பிரசல்ஸ் நகரின் ஹெய்சல் அரங்கில் லிவர்பூல் இரசிகர் சிலர் எதிர்ப்பக்கத்தார் மீது பாய்ந்தனர். நெரிசலில் சுவர் இடிந்து 39 பேர் மாண்டனர். அங்கே காடைத்தனம் மெய்யாகவே இருந்தது.

ஆனால் நான்கு ஆண்டுகளின் பின், 1989 ஏப்பிரல் 15 இல், ஷெபீல்ட் நகரின் ஹில்ஸ்பரோ அரங்கில் நிகழ்ந்தது வேறு. வாயிலுக்கு வெளியே நெரிசல் மிகுந்ததால், பொலிஸ் அதிகாரியின் கட்டளைப்படி ஒரு பெருங்கதவு திறக்கப்பட்டது. உள்ளே சென்றோர் ஏற்கெனவே நிரம்பியிருந்த கம்பிக் கூண்டுகளுக்குள் தள்ளப்பட்டனர். காடையருக்கு அஞ்சி எழுப்பிய வேலியே மக்கள் தப்பிச் செல்லும் வழியை அடைத்து நின்றது. அன்றைய விபத்தின் விளைவாக இறந்தோர் தொகை பின்னர் 97 ஆக உயர்ந்தது.

கதவைத் திறக்குமாறு கட்டளையிட்ட அதிகாரியோ, இரசிகர்களே அதை உடைத்து நுழைந்தனர் என்றார். அப்பொய் அன்றே வானலைகளில் ஏறியது. நான்காம் நாள் "சன்" பத்திரிகை, "உண்மை" என்ற பெருந்தலைப்பின் கீழ், இரசிகர்கள் இறந்தோரின் பைகளில் திருடினர் என்றும் பொலிசாரைத் தாக்கினர் என்றும் எழுதியது. பிள்ளைகளைப் பறிகொடுத்த பெற்றோர் துயரத்தோடு பழியையும் சுமக்க நேர்ந்தது.

பொலிசாரின் கட்டுப்பாடு தவறியதே முதற்காரணம் என்று நீதிபதி டெய்லர் அவ்வாண்டிலேயே அறிவித்தார். எனினும் பழி நீங்கவில்லை. 2012 இல் சுயாதீனக் குழுவொன்று 164 பொலிஸ் வாக்குமூலங்கள் மாற்றப்பட்டிருந்ததை வெளிப்படுத்திய பின்னரே அப்பத்திரிகை முதற்பக்கத்தில் மன்னிப்புக் கோரியது. 2016 ஏப்பிரல் 26 இல், மரண விசாரணையின் யூரிமார் இரசிகர் மீது குற்றமில்லை என்று தீர்ப்பளித்தனர். ஒரு நாளில் சொல்லப்பட்ட பொய்யை அகற்ற 27 ஆண்டுகள் சென்றன. லிவர்பூல் மக்கள் பலர் இன்றும் அப்பத்திரிகையை வாங்குவதில்லை.

2022 ஒக்டோபர் 1 இல் இந்தோனேசியாவின் மலாங் பகுதியிலும் இதே போக்குக் காணப்பட்டது. முதற்செய்திகள் "கலவரம்" என்றன. 135 உயிர்களைக் கொண்ட அந்நெரிசலுக்குப் பொலிசார் வீசிய கண்ணீர்ப்புகையே முதன்மைக் காரணம் என்பதைப் பின்னர் விசாரணைக்குழு கண்டது.

காடைத்தனத்தை மறைப்பது செய்தியாளர் கடமையன்று. ஆனால் காடையர் என்ற பெயரைச் சூட்டுமுன், கதவைத் திறந்தவர் யார், வேலியிட்டவர் யார், இச்செய்தியைச் சொன்னவர் யார் என்று கேட்பது அவர் கடமை. தம்பிலுவிலில் இருந்து செய்தியைக் கேட்போரும் அவ்வாறே கேட்கப் பழகுவாராயின், இறந்தோர் மீது பழி சுமத்துவது எளிதாகாது.