அமெரிக்கச் சனாதிபதிப் பதவியும் கத்தோலிக்கரும்: மதம், வர்க்கம், அதிகாரம்

ஐக்கிய அமெரிக்காவிலே கத்தோலிக்கர் சனாதிபதிப் பதவியை நாடிய வரலாறு, பெரும்பாலும் இரண்டு தேர்தல்களின் கதையாகவே சொல்லப்படுவதுண்டு. 1928 இல் அல்பிரட் ஸ்மித் தோற்றார். மதக் காழ்ப்பு வென்றது. 1960 இல் ஜோன் கென்னடி வென்றார். மதச் சகிப்பு வென்றது. தாராண்மைவாதிகளுக்கு உவப்பான இவ்விளக்கம் முற்றிலும் பிழையானதன்று. ஆயின், அக்காழ்ப்பு எங்கிருந்து வலிமை பெற்றது, முப்பத்திரண்டு ஆண்டுகளில் அது ஏன் தளர்ந்தது என்னும் வினாக்களுக்கு அதில் விடையில்லை. அவ்விடையை மதத்துக்குள் மாத்திரம் தேடுதல் போதாது என்பதே எமது கருத்து.

1787 இல் வரையப்பட்ட அரசியலமைப்பின் ஆறாம் உறுப்புரை, அரச பதவி எதற்கும் மதத்தைத் தகுதியாகக் கொள்ளலாகாது எனத் தெளிவாக விதித்தது. எனவே தடை சட்டத்தில் இருக்கவில்லை, சமூகத்தில் இருந்தது. இங்கிலாந்திலிருந்து வந்த புரட்டஸ்தாந்தர் பாப்பரசர் மீதான ஐயத்தையும் உடன்கொண்டே வந்தனர். 1834 இல் மசாசுசெற்ஸ் மாநிலத்துச் சாள்ஸ்ரவுனில் கன்னியர் மடமொன்று எரியூட்டப்பட்டது. எனினும், இப்பழைய ஐயத்தைப் பேரியக்கமாக்கியது உழைப்புச் சந்தையே. 1845 இல் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சத்தால் அயர்லாந்திலிருந்து பல இலட்சம் வறியோர் வந்திறங்கினர். இருப்புப்பாதை அமைக்கவும் துறைமுகத்தில் சுமை தூக்கவும் முதலாளிகளுக்கு அவர்கள் தேவைப்பட்டனர்; உள்ளூர்க் கைவினைஞருக்கோ கூலியைக் குறைக்க வந்தோராகத் தோன்றினர். ‘ஏதுமறியோர்’ எனப் பெயர்பெற்ற அமெரிக்கக் கட்சியினர், குடியுரிமைக்கு 21 ஆண்டு வதிவு வேண்டும் எனக் கோரினர். 1856 ஆம் ஆண்டுச் சனாதிபதித் தேர்தலில் அக்கட்சியின் வேட்பாளரான பில்மோர் 21 சதவீதத்துக்கு மேற்பட்ட வாக்குகளைப் பெற்றார்.

மதம் வெறும் போர்வை என இதனைக் கொண்டு முடிவுசெய்வது இயந்திரப் பாங்கான விளக்கமாகிவிடும். ஒன்பதாம் பத்திநாதர் 1864 இல் தாராண்மைவாதத்தையும் திருச்சபை-அரசுப் பிரிவினையையும் கண்டித்தமை, ஐயங்கொண்டோர்க்கு மெய்யான ஆதாரமாயிற்று. மதமும் வர்க்கமும் ஒன்றன்மீதொன்று படிந்தே இயங்கின என்பதே பொருத்தமாகும்.

பெருங்கட்சியொன்று நியமித்த முதற் கத்தோலிக்க வேட்பாளரான ஸ்மித்திடம் இவ்விணைவு துலக்கமாகத் தெரிகின்றது. நியூ யோர்க் நகரின் தொழிலாளர் குடியிருப்பிற் பிறந்து, சிறுவயதிலேயே பள்ளியை விட்டு, மீன் சந்தையில் உழைத்தவர் அவர். 1911 இல் ட்ரயாங்கிள் ஆடைத் தொழிற்சாலைத் தீயில் 146 பேர் மாண்டபின், தொழிற்சாலை நிலைமைகளை ஆராய்ந்த குழுவின் துணைத்தலைவராயிருந்து பாதுகாப்புச் சட்டங்களுக்கு வழிவகுத்தார். 1928 இல் அவர் பாப்பரசரின் கையாள் எனத் தூற்றப்பட்டார். அவரது மதம், பேச்சு வழக்கு, மதுவிலக்கு எதிர்ப்பு ஆகிய யாவும் குடியேறிய நகரத் தொழிலாளியின் அடையாளங்களாகவே கொள்ளப்பட்டன. ஹூவர் 444 தேர்வாளர் வாக்குகளையும் ஸ்மித் 87 வாக்குகளையும் பெற்றனர். அன்றைய பொருளாதாரச் செழிப்பில் ஜனநாயகக் கட்சியின் எவ்வேட்பாளரும் வெல்வது அரிதாயிருந்திருக்கும் என்பதையும் மறத்தலாகாது.

ஸ்மித் வென்ற எட்டு மாநிலங்களுள் ஆறு தென்பகுதியைச் சேர்ந்தவை என்பது வியப்பளிக்கலாம். கூ கிளக்ஸ் கிளான் அவரை மூர்க்கமாக எதிர்த்த பகுதி அதுவே. ஆயினும், கறுப்பின மக்களின் வாக்குரிமையைப் பறித்து நிலைத்திருந்த வெள்ளையர் ஆட்சிக்கு ஜனநாயகக் கட்சியே அரணாயிருந்தது. அவ்வரணைக் காக்கும் பொருட்டு மிசிசிப்பியும் அலபாமாவும் ஒரு கத்தோலிக்கருக்கு வாக்களித்தன. ஆதிக்க நலனுக்கு முன் மதக் காழ்ப்பு வழிவிட்டமைக்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

கென்னடியின் காலத்தில் நிலைமை மாறியிருந்தது. 1944 ஆம் ஆண்டுப் போர்வீரர் உதவிச் சட்டம் தொழிலாளரின் பிள்ளைகள் பலருக்குப் பல்கலைக்கழகத்தையும் சொந்த வீட்டையும் எட்டச்செய்தது. பனிப்போரிலே கம்யூனிச எதிர்ப்பு தேசபக்தியின் அளவுகோலாயிற்று; கர்தினால் ஸ்பெல்மனும் செனற்றர் மக்கார்த்தியும் கத்தோலிக்கரை அவ்வளவுகோலின் முன்னணியில் நிறுத்தினர். பஞ்சக் காலத்தில் கடல் கடந்த பீப்பாய்த் தொழிலாளியின் கொள்ளுப்பேரனான கென்னடியோ, பெருஞ்செல்வரின் மகன், ஹாவார்ட் பட்டதாரி. 1960 செப்டெம்பர் 12 இல் ஹூஸ்ரன் நகரப் புரட்டஸ்தாந்து போதகர் முன்னிலையில், அரசும் திருச்சபையும் முற்றாகப் பிரிந்திருத்தல் வேண்டும் எனவும், மனச்சாட்சியும் நாட்டு நலனும் முரண்படின் பதவி துறப்பதாகவும் உறுதியளித்தார். ஏறத்தாழ 6 கோடி 80 இலட்சம் வாக்குகளில் ஓரிலட்சத்துச் சொச்ச வாக்குகளால் அவர் வென்றார். கதவு திறந்தது உண்மை. ஆனால் அது மீன் சந்தையிலிருந்து வந்தவருக்குத் திறக்கவில்லை.

பின்னைய நிகழ்ச்சிகள் இதனை மேலும் விளக்குகின்றன. 2004 இல் ஜோன் கெரிக்கும், 2020 இல் வென்ற ஜோ பைடனுக்கும் மதம் சார்ந்த எதிர்ப்பு அவர்களது சொந்தத் திருச்சபைக்குள்ளிருந்தே எழுந்தது. கருக்கலைப்பு உரிமையை ஆதரித்தமைக்காக நற்கருணையை மறுக்க வேண்டும் என ஆயர் சிலர் வாதித்தனர். 2020 இல் வெள்ளையினக் கத்தோலிக்கரிற் பெரும்பாலோர் ட்ரம்பையும், லத்தீன் அமெரிக்க வழிவந்த கத்தோலிக்கரிற் பெரும்பாலோர் பைடனையும் ஆதரித்தனர். ஒரே ‘கத்தோலிக்க வாக்கு’ என்பது அற்றுப்போயிற்று.

2025 பெப்ரவரியில், குடியேறியோரைப் பெருந்தொகையாக வெளியேற்றுவதைக் கண்டித்துப் பாப்பரசர் பிரான்சிஸ் அமெரிக்க ஆயர்களுக்குக் கடிதம் எழுதினார். அவ்வெளியேற்றத்தை நடத்திய அரசின் துணைச் சனாதிபதி வான்ஸ் ஒரு கத்தோலிக்கர். வெளியேற்றப்பட்டோர் பலரும் கத்தோலிக்கரே. ஒரு சிறுபான்மையிலிருந்து ஒருவர் உச்சப் பதவியை அடைதல் வேறு. அச்சிறுபான்மையின் வறியோர் விடுதலை பெறுதல் வேறு. முன்னதைப் பின்னதாக எண்ணி மயங்குதல், எந்த நாட்டிலும், வாசலுக்கு வெளியே நிற்போரை மறப்பதற்கே இட்டுச்செல்லும்.