காடு (1952 திரைப்படம்)

காடு, சேலம் மாடர்ன் தியேட்டர்சும் அமெரிக்காவின் லிப்பர்ட் நிறுவனமும் இணைந்து உருவாக்கிய சாகசத் திரைப்படம். 1952ஆம் ஆண்டு வெளியான இப்படத்தின் ஆங்கிலப் பெயர் ‘தி ஜங்கிள்’. இயக்கியவர் வில்லியம் பெர்க். ராட் கேமரூன், சீசர் ரொமேரோ, மேரி வின்ட்சர் ஆகிய ஆலிவுட் நடிகர்களுடன் எம். என். நம்பியாரும் நடித்தார்.

யானைகள் மிரண்டு ஊர்களுக்குள் ஓடிவருகின்றன. காட்டில் அவற்றை விரட்டுபவை மம்மூத்துகள் என்கிறான் வேட்டைக்காரன் ஒருவன். முன்பு அவனுடன் காட்டுக்குள் போனவர்கள் திரும்பவில்லை. அவன் மட்டும் பிழைத்து வந்திருக்கிறான். எனவே அவன் சொல்லை யாரும் நம்பவில்லை. கோழை என்ற பழிதான் மிஞ்சுகிறது. மீண்டும் ஒரு குழு புறப்படுகிறது. விலங்குகளிடமிருந்து தப்புவதோடு, கூட வருபவர்களின் சந்தேகத்தையும் அவன் கடந்தாக வேண்டும். படத்தின் விறுவிறுப்பு இங்கேதான் இருக்கிறது.

மம்மூத்துகளாக வந்தவை நம்மூர் யானைகளே. சடைசடையாக ரோமம் போர்த்தி அவற்றை நடக்க விட்டார்கள். இன்று பார்த்தால் சிரிப்பு வரலாம். ஆனால் திரையில் நடப்பது உண்மையான யானை என்பதால் அதன் எடையும் அசைவும் பொய்யாகத் தோன்றுவதில்லை. மம்மூத் குளிர்நிலத்து விலங்கு என்பதைப் பற்றிக் கதை கவலைப்படவில்லை.

இப்படத்தின் தயாரிப்பில் எல்லிஸ் ஆர். டங்கனுக்கும் பங்குண்டு. மாடர்ன் தியேட்டர்சின் ‘மந்திரி குமாரி’யை (1950) டி. ஆர். சுந்தரத்துடன் சேர்ந்து இயக்கியவர் அவர்.

யானைகள் ஊருக்குள் வருவது கோவைக்காரர்களுக்குக் கற்பனையல்ல. தடாகம் பள்ளத்தாக்கில் அது வழக்கமான செய்தி. அங்கே காரணம் மம்மூத் அல்ல, மறிக்கப்பட்ட வழித்தடங்கள்.